வேலிப் பொட்டும் இரண்டு மெஷினும்

அம்மா சீனி வாங்கத் தகரப் பேணியோடு வேலியடியில் நின்ற ஒரு காலையில்தான் எனக்கு அது பிடிபட்டது.

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி. அதில் இரண்டு கிடுகை விலக்கி வைத்த ஒரு பொட்டு. ஒரு கை தாராளமாய்ப் போகும், முகம் பாதி தெரியும். அம்மா குனிந்து, "இஞ்சேருங்கோ, நிக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஓம், சொல்லுங்கோ" என்றது பக்கத்து வீட்டு மாமியின் குரல்.

"ஒரு பேணி சீனி."

"ஒரு பேணி தானே? தாறன்."

"உங்கடை பெடியன் ரவுணுக்குப் போனா, சங்கக் கடையிலை மண்ணெண்ணெய் வந்திட்டுதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ."

"சொல்லுறன்."

"பேந்து, உங்கடை வேம்பின்ரை கொப்பு எங்கடை ஓட்டிலை முட்டுது. ஒருக்கா வெட்டுவியுங்கோவன்."

"அது... அவர் வரட்டும். கேட்டுச் சொல்லுறன்."

நான் கிணற்றடியில் வாயில் பற்பசை நுரையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வாங்குகிற அலுவல், ஒன்று ஆளனுப்புகிற அலுவல், ஒன்று சண்டையில் முடியக்கூடிய அலுவல். எல்லாம் ஒரே பொட்டுக்குள்ளால் போய் வருகின்றன. சீனிக்கு ஒரு பொட்டு, மண்ணெண்ணெய்க்கு ஒரு பொட்டு, வேம்புக்கு ஒரு பொட்டு என்று யாராவது வேலியைப் பிய்த்து வைத்திருக்கிறார்களா? அப்படி வைத்தால் அது வேலியா? மாமி வீட்டு அடுப்படி எந்தப் பக்கம், சீனி எந்தத் தட்டில் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிய வேண்டியதில்லை. என்ன வேணும் என்று சொன்னால் காணும். எடுத்துத் தருவது மாமியின் பாடு.

"எடியே, நுரை சட்டையிலை வடியுது" என்றார் அம்மா.

துடைக்காமலே சைக்கிளை எடுத்தேன் என்று சொன்னால் அது கொஞ்சம் கூட்டிச் சொல்வதாகும். துடைத்தேன். ஆனால் அன்று மிதித்த மிதியில் இணுவில் எப்போது வந்தது, கொக்குவில் எப்போது போனது என்று தெரியாது.

நான் ஏ.எல். சோதினை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருக்கிற கூட்டத்தில் ஒருத்தி. காத்திருப்பது எனக்கு வராத காரியம். அதனால் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ரியூட்டரியில் கொம்பியூட்டர் வகுப்பு எடுக்கச் சேர்ந்திருக்கிறேன். எடுக்க என்று சொன்னாலும், இன்றைக்குப் படித்ததை நாளைக்குப் படிப்பிக்கிற நிலைதான். ரியூட்டரியில் வகுப்புகள் எல்லாம் ஓலைக் கொட்டில்களில். கொம்பியூட்டர்கள் மட்டும் சீமெந்துக் கட்டடத்தில் இருந்தன. முன் கந்தோரில் ஒன்று, பின் அறையில் ஒன்று. பின் அறை மெஷினில்தான் பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் இருந்தன. பிறின்ரரும் அதோடுதான். அதைப் பார்த்துக்கொண்டது என்னைவிட நாலைந்து வயது கூடிய ஒரு அக்கா.

இப்போது அந்த அக்காவின் பாட்டைக் கேளுங்கள். ஒரு பிள்ளையின் புள்ளியைப் பார்க்க ஒரு புறோகிராம். பிழையைத் திருத்த வேறொன்று. அச்சடிக்க இன்னொன்று. வகுப்புக்கு வந்த வரவைப் பதிய நாலாவது. நாலையும் நாலு பேர் எழுதியிருந்தார்கள். ஒன்று, வெளிநாடு போய்விட்ட ஒரு பொறியியல் மாணவனுடையது. ஒன்று மெஷினோடு கூடவே வந்தது. ஒன்று ரியூட்டரிக்காரரின் மருமகனுடையது. ஒன்று என்னுடையது. ஒவ்வொன்றையும் தொடங்க ஒவ்வொரு சொல், நிறுத்த ஒவ்வொரு பொத்தான். மருமகனின் புறோகிராமை நிறுத்த வழியே இல்லை. மெஷினை அணைத்துப் போட்டால்தான் அது வெளியே வரும்.

ஒரு தகப்பன் முன்னால் வந்து, "என்ரை மகளுக்கு இரசாயனத்திலை எத்தினை?" என்று கேட்டால், நான் எழும்பி, கொட்டில் ஓரமாகப் பொடியன்கள் நீட்டி வைத்திருக்கும் கால்களைத் தாண்டி, பின் அறைக்குப் போய், அக்காவிடம் சொல்லி, அவர் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்கி, நான் புள்ளியை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வருவேன். வந்ததும் அந்தத் தகப்பன், "அப்ப பௌதிகம்?" என்பார்.

என் முன்னால் இருந்த மெஷின் இதையெல்லாம் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமைகளில் மட்டும் அதற்கு வேலை. அன்று என் பெண்பிள்ளைகள் அதைச் சுற்றி நெருக்கியடித்து இருந்து, ஒருத்தி தட்ட மற்றவர்கள் பிழை பிடிப்பார்கள்.

ரியூட்டரியை நடத்துகிறவர் எல்லோருக்கும் மாஸ்டர், நேரே கதைக்கும்போது எங்களுக்கு சேர். கணக்கு வாத்தியார். சாவகச்சேரியில் ஒரு கிளை திறக்கப் போவதாக அவர் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கிழமை அதற்கு ஒரு வாலும் முளைத்தது.

"பிள்ளை, முன்னுக்கு நிக்கிற மெஷினை அங்கை அனுப்பப் போறன். இஞ்சை அது சும்மாதானே நிக்குது."

"சும்மா நிக்கேல்லை சேர். சனிக்கிழமை வகுப்பு?"

"கொப்பியிலை எழுதிப் பழகட்டும். நாங்கள் கணக்கை மண்ணிலை எழுதிப் படிச்சனாங்கள்."

கொப்பியில் புறோகிராம் எழுதலாம். நானே அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் கொப்பி பிழையைச் சொல்லாது. அது எதையும் சரி என்றுதான் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒரு பெண்பிள்ளை தான் எழுதியது ஓடாமல் நின்று, பிறகு ஒரு முற்றுப்புள்ளியைப் போட்டதும் ஓடுவதைப் பார்க்கிற முகம் இருக்கிறதே, அதைக் கொப்பியில் காண முடியாது. அந்த மெஷின் போனால் வகுப்பும் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதனால் வேலியடியில் பிடிபட்டதை அன்று காலையே அவரிடம் போய்ச் சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். பின் மெஷினில் நாலு புறோகிராமையும் ஒன்றாக்கி, அதற்கு ஒரே ஒரு பொட்டு வைக்கிறேன். முன் மெஷினில் இருந்து ஒரு கம்பி இழுக்கிறேன். முன்னால் இருக்கிறவர் ஒன்றாம் பொத்தானை அமத்தினால் பார், இரண்டு என்றால் திருத்தி அதற்கொரு தாள் அடி, மூன்று என்றால் வகுப்பு முழுவதையும் அச்சடி, நாலு என்றால் வரவைப் பதி. அதோடு பிள்ளையின் சுட்டெண். அவ்வளவுதான். பின் மெஷின் செய்துவிட்டு மறுமொழி அனுப்பும். நான் எழும்பத் தேவையில்லை, அக்கா எதையும் நிறுத்தித் தொடங்கத் தேவையில்லை.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உமக்கு ரெண்டு மெஷினும் வேணும்."

"ஓம் சேர்."

"மாதிரிச் சோதினைப் புள்ளி குடுக்கிற திங்கக்கிழமை வரைக்கும் பாப்பம். ஆனா வெள்ளிக்கிழமை எனக்கு ஒருக்காச் செய்து காட்டும். சரிவந்தா நிக்கட்டும். இல்லாட்டி வான் பிடிச்சு அனுப்பிப்போடுவன்."

கம்பிக்குப் பழைய ரெலிபோன் வயரைத் தேடிப் பிடித்தேன். ஈயம் வைத்து ஒட்டியது நானே. விரல் நுனியில் அதற்கான அடையாளம் இன்னும் இருக்கிறது. கம்பியில் ஒரு சின்னச் சூட்சுமம். என் மெஷினின் வாய் மற்றதன் காதுக்குப் போக வேண்டும், மற்றதன் வாய் என் காதுக்கு வர வேண்டும். நேரே ஒட்டினால் இரண்டு வாயும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும், கேட்க ஆள் இருக்காது. முதல் நாள் நான் நேரேதான் ஒட்டினேன்.

"கலியாண வீட்டிலை சம்பந்திமார் கதைக்கிற மாதிரி" என்றார் அக்கா.

வியாழக்கிழமை பின்னேரம், முன்னால் ஒன்றை அமத்தி ஒரு சுட்டெண்ணை அடித்தேன். பின் அறையிலிருந்து அக்கா, "எடியே, இஞ்சை தன்பாட்டிலை தேடுது" என்று கத்தினார். என் திரையில் புள்ளிகள் வந்து விழுந்தன. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எழும்பாமல் இருப்பது இவ்வளவு சந்தோசமான விசயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை வந்தது. மாஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சரியாக அந்த நேரம் பார்த்து அரியாலையில் இருந்து ஒரு தகப்பன் வந்தார். மகன் ஒரு பாடத்துக்கு வந்து எழுதியிருக்க, வரவில்லை என்று பதிந்திருக்கிறதாம். திருத்த வேண்டுமாம்.

இதைவிட நல்ல சோதனை வேறென்ன. இரண்டை அமத்தினேன், பையனின் சுட்டெண்ணை அடித்தேன், விட்டேன்.

ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு பின் அறையில் பிறின்ரர் கிறீச்சிடத் தொடங்கியது. ஒரு தாள் என்றால் அது நிற்கும். இது நிற்கவில்லை.

"பிள்ளை," என்றது அக்காவின் குரல், "முழு வகுப்பையும் அச்சடிக்கச் சொன்னனியே?"

"இல்லையக்கா."

"அப்ப ஆர் சொன்னது? இது கால்மாட்டிலை மலைமாதிரிக் குவியுது."

நான் ஓடினேன். கொட்டில் பொடியன்கள் கால்களை மடக்கி வழி விட்டார்கள். அக்கா, தாள் கிழியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பிள்ளைப் பேறு பார்க்கிறவர் மாதிரி நின்றார். ஒருவழியாக நிறுத்தித் திரும்பி வந்தால், அரியாலைத் தகப்பன் மாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், மெஷின் என்ரை பெடியன் சோதினை எழுதினவன் எண்டு ஒத்துக்கொள்ளுதோ, இல்லையோ?"

"அது இப்ப வேறை ஆக்களின்ரை அலுவலிலை நிக்குது" என்றார் மாஸ்டர். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் மோசம். "பிள்ளை, வானுக்குச் சொல்லிவிடட்டே?"

"திங்கக்கிழமை வரைக்கும் எண்டு சொன்னனீங்கள் சேர்."

"சொன்னனான்தான்" என்றார். வாத்தியார்மாரின் நல்ல குணம் இதுதான். தவணை சொன்னால் மாற்ற மாட்டார்கள்.

என்ன நடந்தது என்று அன்று பின்னேரமே கண்டுபிடித்துவிட்டேன். நான் அனுப்பிய கணத்தில் பின் மெஷின் வேறு வேலையாக டிஸ்க்கில் எதையோ எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால் முதல் வந்த 'இரண்டு' அதன் காதில் விழவில்லை. அது நிமிர்ந்து கேட்கத் தொடங்கியபோது வந்தது பையனின் சுட்டெண்ணின் முதல் இலக்கம். அந்த இலக்கம் மூன்று. மூன்று என்றால் முழு வகுப்பையும் அச்சடி. அது சொன்னதைத்தான் செய்தது. என்ன செய்தால் அது கேட்கும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மெதுவாக அனுப்பிப் பார்த்தேன். இரண்டு தரம் அனுப்பிப் பார்த்தேன். இரண்டு தரம் அனுப்பியதில் ஒரு பிள்ளையின் வரவு இரட்டிப்பானது.

சனிக்கிழமை வகுப்பை முடித்து, பெண்பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லாமல், வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒரு தட்டுக் கோப்பையில் தோசையோடு வேலியடியில் நின்றுகொண்டிருந்தார். "இஞ்சேருங்கோ" என்று ஒருக்காக் கூப்பிட்டார். பதில் இல்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். எனக்குப் பசி. பசி வந்தால் பொறுமை இன்னும் குறையும்.

"அம்மா, பொட்டுக்குள்ளை வைச்சிட்டு வாங்கோவன்."

"மாமி அடுப்படியிலை நிக்கிறா போலை. குரல் குடுக்கட்டும்."

"வைச்சா அவ எடுப்பாதானே."

"நீ போன மாசம் வைச்சனி. ஆர் எடுத்தது?"

கோழி எடுத்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. என் புறோகிராமில் பொட்டு இருந்தது, சீனி இருந்தது, மண்ணெண்ணெய் இருந்தது. 'இஞ்சேருங்கோ, நிக்கிறியளோ' மட்டும் இல்லை. எழுதும்போது அது நினைவுக்கு வராமல் இல்லை. நினைத்துத்தான் விட்டேன். அது மரியாதைக்குச் சொல்கிறது, மெஷினுக்கு என்ன மரியாதை என்று. எங்கள் ஊரில் அலுவலைச் சொல்ல முதல் சுகம் விசாரித்து, கூப்பிட்டு, ஓம் வாங்கி, அதற்குப் பிறகுதான் விசயத்துக்கு வருவார்கள். அது எனக்கு எப்போதும் எரிச்சல். அந்த எரிச்சலை அப்படியே புறோகிராமிலும் எழுதி வைத்திருக்கிறேன். மரியாதை என்று நான் வெட்டி எறிந்ததுதான் வேலையின் முதல் பாதி.

அம்மா இரண்டாம் தரம் கூப்பிட்டார். இந்த முறை மாமி "ஓம், சொல்லுங்கோ" என்றார். "தோசை." "தோசையோ? தாங்கோ." கோப்பை கை மாறியது.

அன்றிரவு சாப்பிட்ட கையோடு எழுதத் தொடங்கினேன், கொப்பியில்தான். முன் மெஷின் முதலில் 'நிக்கிறியளோ' என்று மட்டும் கேட்கும். 'ஓம்' வரும்வரை வேறொன்றும் சொல்லாது. ஓம் வந்த பிறகு அலுவலைச் சொல்லும். மாமி 'ஒரு பேணி தானே?' என்று திருப்பிக் கேட்பது போல, பின் மெஷின் தனக்குக் கேட்டதைத் திருப்பிச் சொல்லும். சரியென்றால்தான் செய்யும், செய்துவிட்டு முடிந்தது என்று சொல்லும். கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஓம் வராவிட்டால், திரையில் 'பொறுங்கோ' என்று காட்டி, கொஞ்சம் விட்டுத் திரும்பக் கூப்பிடும். புதிதாய் ஐந்தாவது வேலை ஒன்று நாளைக்கு வந்தாலும் இந்த வாசல் மாறாது. உள்ளே ஒரு ஆளைக் கூட்டினால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் வீட்டில் ரியூட்டரிக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டு போனேன். அக்காவும் கோயிலுக்குப் போகிற சீலையோடு வந்து சேர்ந்தார். "வான் வாறதுக்குள்ளை முடிப்பமடி" என்றார். மத்தியானம் கரண்ட் நின்று, திரும்ப வந்து, முடித்தபோது எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு அறைக்கும் இடையில் அத்தனை தரம் "வந்ததோ?", "வரேல்லை" என்று கத்தியிருந்தோம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே சனம். புள்ளி கொடுக்கிற நாளில் தாய்தகப்பனுக்கு அடக்கம் இருக்காது. நான் கதிரையில் ஆணியடித்த மாதிரி இருந்தேன். பார், பார், வரவு, பார், திருத்து. இடையில் ஒருமுறை பிறின்ரரில் தாள் சிக்கியது. அக்கா அதை இழுத்தெடுக்கும் வரை என் திரையில் ஆங்கில எழுத்தில் 'பொறுங்கோ' என்று நின்றது. அப்போது முன்னால் நின்றவர் அதே அரியாலைத் தகப்பன். அவர் கண்ணைச் சுருக்கி அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது தமிழ் கதைக்குதே?"

"கொஞ்சம் கதைக்கும் ஐயா."

"மரியாதையாக் கதைக்குது. உங்கடை மாஸ்டரை விடத் திறம்."

மாஸ்டர் அவருக்குப் பின்னால்தான் நின்றார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. பையன் சோதினை எழுதியவன் என்று மெஷின் ஒத்துக்கொண்டது. பிறின்ரர் ஒரு தாளோடு நின்றது.

பத்து மணிக்கு மேல் மாஸ்டர் ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார். தானே ஒன்றை அமத்தி ஒரு சுட்டெண் அடித்தார். வந்ததைப் பார்த்தார். இன்னொன்று. இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழும்பவில்லை.

"அப்ப முன்னுக்கு இருக்கிறவைக்குப் பின்னுக்கு என்ன நடக்குது எண்டு தெரியத் தேவையில்லை" என்றார்.

"இல்லை சேர்."

"பின்னுக்கு இருக்கிறது எங்கை இருக்குது எண்டும் தெரியத் தேவையில்லை."

"இல்லை..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கே போகிறது இந்தக் கதை என்று எனக்கு உறைத்தது.

"அப்ப முன் மெஷின் சாவகச்சேரியிலை இருந்தும் இதைக் கேக்கலாம்."

"சேர், கம்பி அவ்வளவு நீளமில்லை."

"அது உம்மடை சோலி." எழும்பி வேட்டியை உதறினார். "மெஷின் போகுது. ஆனா சும்மா போகேல்லை, வேலையோடை போகுது. நீரும் போறீர். சனிக்கிழமை வகுப்பை அங்கை வையும். இஞ்சத்தைப் பிள்ளையளுக்குப் பின் அறை மெஷின். சனிக்கிழமை அக்காதான் நடத்துவா, எல்லே?"

பின் அறையில் இருந்து, "நானோ?" என்றது ஒரு குரல். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஓம் சேர், நடத்துறன்" என்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அக்கா எத்தனை விசயத்தை யோசித்திருப்பார் என்று எனக்குத் தெரியும். போன கிழமைவரை அவருக்கு இருந்த ஒரே வேலை, ஒன்றை நிறுத்தி ஒன்றைத் தொடங்குவது.

ஆக, மெஷினைக் காப்பாற்றப் போய் மெஷினை அனுப்புகிறேன். ஆனால் இரண்டு இடத்தில் வகுப்பு. இது வெற்றியோ தோல்வியோ என்று யோசிக்க இப்போது நேரமில்லை, ஏனென்றால் வான் வியாழக்கிழமை வருகிறது.

தபால் கந்தோரில் விசாரித்துப் பார்த்தேன். ரெலிபோன் லைனில் மெஷின் கதைக்க வைக்கிற பெட்டி கொழும்பில்தான் கிடைக்குமாம். கிடைத்தாலும் எங்கள் லைனில் மனிதர் கதைப்பதே பாதிதான் கேட்கும். எனவே பஸ். சாவகச்சேரியில் நாள் முழுக்கச் சனம் கேட்பதை எல்லாம் ஒரு டிஸ்க்கில் ஒன்றாகக் கட்டி, பின்னேர மினிபஸ்ஸில் கொடுத்துவிடுவேன். அக்கா அதை அவிழ்த்து, செய்து, மறுமொழியைக் காலை பஸ்ஸில் அனுப்புவார். அதே நாலு அலுவல், அதே வாசல், ஒரு மறுமொழிக்கு ஒரு நாள்.

இதில் புதிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டிஸ்க் வழியில் நின்றுபோனால், நான் அதே அலுவலைத் திரும்ப அனுப்புவேன். பிறகு பழையதும் வந்து சேர்ந்தால் ஒரே வரவு இரண்டு தரம் பதியும். ஒவ்வொரு அலுவலுக்கும் ஓர் இலக்கம் போட்டு, செய்த இலக்கம் திரும்ப வந்தால் செய்யாமல் பழைய மறுமொழியையே கொடு என்று எழுத வேண்டும். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆமிக்காரர் சென்ரியில் பஸ்ஸை மறித்து இது என்ன என்று கேட்டால் மினிபஸ் பொடியன் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. முதல் டிஸ்க்கை நானே கொண்டுபோய்ப் பார்க்கப் போகிறேன், வெள்ளிக்கிழமை.